விருந்தாளி யார், குடியிருப்பவர் யார்?
காலிமுகத்திடல் கோபுரங்களும் கொம்பனித்தெருவும்

1. நாலாவது மாடி

இலங்கையில் 2014-ஆம் ஆண்டின் 38-ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலத்தை வெளிநாட்டார்க்கு உரிமை மாற்றுவதைக் கட்டுப்படுத்தும் சட்டம். தாய்மண்ணை அந்நியனுக்கு விற்கக் கூடாது என்கிற தேசியவாத முழக்கத்தின் பேரில் வந்த சட்டம் அது. வெளிநாட்டுக்காரர், வெளிநாட்டுக் கம்பெனி, பாதியோ அதற்கு மேலோ வெளிநாட்டுப் பங்குள்ள கம்பெனி யாரும் அந்த மண்ணைச் சொந்தமாக வாங்க முடியாது என்று அது சொல்கிறது. ஆனால் அதே சட்டத்துக்குள் விலக்குகள் சில உண்டு. அடுக்குமாடிக் கட்டிடத்தில் நாலாவது மாடியோ அதற்கு மேலேயோ உள்ள வீடு என்றால், முழுப் பணத்தையும் வெளிநாட்டிலிருந்து முன்கூட்டியே கொண்டுவந்து கொட்டிவிட்டால், வெளிநாட்டுக்காரர் தாராளமாக வாங்கிக்கொள்ளலாம். 2018-இல் இந்தச் சட்டம் இன்னும் கொஞ்சம் தளர்த்தப்பட்டது.

இதைக் கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டும். தேசம் என்பது மூணாவது மாடியோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே இருப்பது தேசமல்ல, ஆகாயம். ஆகாயத்துக்குத் தாய்நாடு கிடையாது, டாலர்தான் உண்டு. மண்ணைப் புனிதமாக்கிய அதே கை வானத்தைச் சதுர அடி போட்டு விற்கிறது. இரண்டும் முரண்பாடு மாதிரித் தெரிந்தாலும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. மண்ணின் புனிதத்தைப் பேசப் பேசத்தான் அந்த மண்ணில் ஏற்கனவே இருந்தவர்களில் யார் மண்ணின் மைந்தர், யார் வந்தேறி என்ற கணக்கைப் போட முடியும். கணக்குப் போட்டுக் காலி பண்ணிய நிலத்தில்தான் வானத்தைக் கட்ட முடியும்.

கொழும்பு நகரின் நடுவில், காலிமுகத்திடலை ஒட்டியும் பேரை ஏரியை ஒட்டியும், 2010-க்குப் பிறகு எழுந்த உயரக் கட்டிடங்களில் மூன்று ஒரே வார்ப்பில் வந்தவை. ஒரு பக்கம் நட்சத்திர ஓட்டல், மறு பக்கம் சொந்தமாக விற்கிற சொகுசு வீடுகள், இரண்டுக்கும் ஒரே கம்பெனி, ஒரே வாசல் மரியாதை. ஷங்ரி-லா, ஐ.டி.சி. ரத்னதீபம், சினமன் லைஃப். இவற்றின் சரித்திரத்தை எழுதுவது கட்டிடக் கலையின் சரித்திரத்தை எழுதுவதல்ல. ஓர் ஊரில் ஒருவர் எந்தத் தகுதியில் தங்குகிறார், விருந்தாளியாகவா, குடியிருப்பவராகவா, வந்தேறியாகவா என்று அதிகாரம் பிரித்துவைக்கும் முறையின் சரித்திரம் அது.

2. ஓட்டலும் வீடும் ஒன்றான கதை

ஓட்டலையும் வீட்டையும் ஒரே கட்டிடத்தில் அடுக்கும் யோசனை புதுசு ஒண்ணும் இல்லை. நியூயார்க்கில் 1901-இல் வாடகைக் குடியிருப்புச் சட்டம் வந்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத பொந்துகளில் தொழிலாளிகளை அடைத்து வாடகை பிடுங்கிய முதலாளிகளைக் கட்டுப்படுத்த வந்த சட்டம். எத்தனை உயரம், எவ்வளவு இடம் விட வேண்டும் என்றெல்லாம் விதித்தது. ரியல் எஸ்டேட் மூலதனம் உடனே ஒரு வழி கண்டுபிடித்தது. வீட்டில் சமையலறை வைக்காமல் விட்டு, 'இது வீடில்லை, ஓட்டல்' என்று சொல்லிவிட்டால் சட்டம் பொருந்தாது. 'அபார்ட்மெண்ட் ஓட்டல்' என்ற வகைக் கட்டிடங்கள் அந்தக் காலத்தில் அங்கே பெருகியதற்கு இந்தச் சந்து ஒரு முக்கியமான காரணம். 1907-இல் திறந்த பிளாசா ஓட்டலில் பணக்காரக் குடும்பங்கள் நிரந்தரமாகவே குடியிருந்தன. 1931-இல் எழுந்த வால்டார்ஃப் அஸ்டோரியாவின் கோபுரப் பகுதியில் முன்னாள் ஜனாதிபதி ஹூவரும் ஜெனரல் மெக்கார்தரும் வருஷக்கணக்கில் வாழ்ந்தார்கள். அதாவது இந்தக் கலப்பினக் கட்டிடம் ஏழைகளைப் பாதுகாக்க வந்த ஒரு சட்டத்தின் ஓட்டை வழியாக வளர்ந்தது. இந்தப் பிறப்பு அடையாளம் அதன் உடம்பில் இன்றைக்கும் இருக்கிறது.

பிற்பாடு கணக்கு மாறியது. 1985-இல் பாஸ்டனில் ஃபோர் சீசன்ஸ் ஓட்டலோடு சேர்த்து வீடுகள் விற்கப்பட்டதை இன்றைய 'பிராண்டட் ரெசிடென்ஸ்' வியாபாரத்தின் தொடக்கமாகச் சொல்கிறார்கள். இதன் பொருளாதாரம் ரொம்ப எளிமையானது. ஓட்டல் கட்டப் பெரும் முதல் வேண்டும். போட்ட பணம் ஓர் அறை, ஓர் இரவு என்று சொட்டுச் சொட்டாகத்தான் திரும்பும். வீடு அப்படியில்லை. கட்டி முடிக்கும் முன்பே, வரைபடத்தைக் காட்டியே, முன்பணம் வாங்கலாம். வீடு வாங்குகிறவரின் பணத்தில் ஓட்டல் எழும்புகிறது. ஓட்டலின் பெயரைச் சொல்லி வீட்டின் விலை ஏறுகிறது. வாங்கியவர் வருஷத்துக்குப் பதினைந்து நாள் வந்து தங்கலாம், வராமலும் இருக்கலாம். படுக்கை விரிக்க, துணி துவைக்க, சாப்பாடு கொண்டுவர ஓட்டல் ஆட்கள் இருக்கிறார்கள். குடியிருப்பவர் விருந்தாளி மாதிரி வாழ்கிறார், விருந்தாளி குடியிருப்பவர் மாதிரி உணரவைக்கப்படுகிறார். இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் உள்ள கோட்டைப் பணம் அழித்துவிடுகிறது.

கடைசியில் அங்கே வீடு என்பது வசிக்கும் இடமாக இல்லை, பணம் வசிக்கும் இடமாகிறது. நியூயார்க் வால்டார்ஃப் அஸ்டோரியாவையே சீனத்தின் அன்பாங் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி 195 கோடி டாலருக்கு வாங்கியதும், 1,400-க்கு மேல் இருந்த அறைகளைக் குறைத்து 375 வீடுகளாகவும் மிச்சத்தை ஓட்டலாகவும் பிரித்ததும், பல வருஷம் மூடிக் கிடந்து 2025-இல் அது மறுபடி திறந்ததும் இந்தக் கதையின் இன்றைய அத்தியாயம். இன்ஷூரன்ஸ் பணம் என்ற சொல்லை இங்கே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது நம் ஊருக்கே வரும்.

3. திடல்

காலிமுகத்திடலைச் சீர்படுத்திக் கடலோர நடைபாதை அமைத்தவர் கவர்னர் ஹென்றி வார்ட். 1856-இல் தொடங்கி 1859-இல் முடித்தார். கொழும்பின் சீமாட்டிகளுக்கும் குழந்தைகளுக்குமாக இதைப் பாதுகாக்கும்படி தனக்குப் பின் வருபவர்களுக்குக் கல்லில் பொறித்து வைத்தார். அந்தச் 'சீமாட்டிகள்' யார் என்பதில் சந்தேகம் வேண்டாம். காலனியப் பொதுவெளி என்பது எல்லாருக்குமான வெளியாக என்றைக்கும் இருந்ததில்லை. ஆனாலும் வெளி என்று ஒன்று திறந்து கிடந்தால் ஜனங்கள் உள்ளே வரத்தான் செய்வார்கள். 1956 ஜூன் 5-ஆம் தேதி, சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துச் செல்வநாயகம் தலைமையில் தமிழரசுக் கட்சியினர் அப்போதைய பாராளுமன்றத்துக்கு எதிரே இந்தத் திடலில்தான் சத்தியாக்கிரகம் உட்கார்ந்தார்கள். காடையர்கள் அடித்துத் துரத்தினார்கள். போலீஸ் வேடிக்கை பார்த்தது. தமிழர் அரசியல் நினைவில் காலிமுகத்திடல் என்றால் முதலில் வருவது காற்றாடியும் இறால் வடையும் இல்லை, அந்த ரத்தம்தான்.

திடலுக்கு எதிரே நீண்ட காலம் இராணுவத் தலைமையகம் இருந்தது. யுத்த காலம் முழுக்கக் கொழும்பின் நடுப்பகுதி இராணுவத்தின் நகரமாகவே இருந்தது. 1996 ஜனவரி 31-இல் மத்திய வங்கி மீது புலிகள் நடத்திய குண்டுத் தாக்குதலில் செத்தவர்கள் வங்கி ஊழியர்களும் வழிப்போக்கர்களும். 1997 அக்டோபர் 12-இல் உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்கள் திறக்கப்பட்டன. மூன்றே நாளில், 15-ஆம் தேதி, அதை ஒட்டி லாரிக் குண்டு வெடித்தது. கோபுரங்கள் தப்பின, அக்கம்பக்கத்தில் இருந்த எளிய மனிதர்கள் செத்தார்கள். இதைச் சொல்லாமல் கொழும்புக் கோபுரங்களின் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

2009 மே மாதத்தில், முள்ளிவாய்க்காலில், யுத்தம் முடிக்கப்பட்டது. அடுத்த வருஷமே நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அமைச்சின் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச. உலகத்தில் எத்தனை நாட்டில் டவுன் பிளானிங் இலாகாவை இராணுவ இலாகாவோடு சேர்ப்பார்கள்? யுத்தத்தின் தர்க்கம் வடகிழக்கில் முடிந்து கொழும்பில் வேறு பெயரில் தொடர்ந்தது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையில்லை. நிலத்தைக் 'கைப்பற்றுதல்', ஆட்களை 'அகற்றுதல்', இடத்தைத் 'துப்புரவாக்குதல்' என்ற யுத்த அகராதியும் நகர அழகுபடுத்தலின் அகராதியும் ஒன்றுதான்.

இராணுவத் தலைமையக நிலம் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஷங்ரி-லா வந்தது. 1933-இல் ஓர் ஆங்கில நாவலாசிரியர் குன்லுன் மலைகளுக்குள் கற்பனை செய்த சொர்க்கத்தின் பெயர் அது. இராணுவ முகாம் இருந்த மண்ணில் சொர்க்கம் என்று பெயர்ப்பலகை. 2017 நவம்பரில் ஓட்டல் திறந்தது, பக்கத்தில் 50 மாடி உயரத்தில் இரட்டை வீட்டுக் கோபுரங்கள் எழுந்தன. 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு அன்று தற்கொலைக் குண்டு வெடித்த மூன்று சொகுசு ஓட்டல்களில் இது ஒன்று. கொச்சிக்கடை, நீர்கொழும்பு, மட்டக்களப்பு தேவாலயங்களில் பிரார்த்தனைக்குப் போன ஏழைக் கத்தோலிக்கரும் கிறிஸ்தவரும், ஓட்டலில் காலைச் சாப்பாடு சாப்பிட்ட விருந்தாளிகளும், பரிமாறிய ஊழியர்களுமாக 260-க்கும் மேற்பட்டவர்கள் அன்று கொல்லப்பட்டார்கள். அந்தப் பழி நாடு முழுக்க எந்தச் சம்பந்தமும் இல்லாத முஸ்லிம் ஜனங்கள் தலையில் விழுந்தது.

பக்கத்து மனையில் சுமார் ஆறு ஏக்கர், 99 வருஷக் குத்தகைக்கு, இந்தியாவின் ஐ.டி.சி. கம்பெனிக்குப் போனது. கட்டியது லார்சன் அண்ட் டூப்ரோ. 2024 ஏப்ரலில் திறந்த ஓட்டலுக்கு ரத்னதீபம் என்று பெயர். அதை ஒட்டிய வீட்டுக் கோபுரத்தின் பெயர் நீலக்கல்லின் பெயர். இரண்டையும் தரையிலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் ஒரு பாலம் இணைக்கிறது. பாலத்தின் பெயரில் இருக்கிற 'அஹச' என்ற சிங்களச் சொல்லுக்கு ஆகாயம் என்று பொருள். விருந்தாளியும் குடியிருப்பவரும் சந்திக்கும் இடம் ஆகாயத்தில் இருக்கிறது. நாலாவது மாடிச் சட்டம் எழுதியவர்கள் நினைத்ததைக் கட்டிடக்காரர்கள் அப்படியே கட்டிவிட்டார்கள் என்று சொல்லத் தோணுது.

4. கொம்பனித்தெரு

திடலிலிருந்து உள்ளே திரும்பினால் கொம்பனித்தெரு. இங்கிலீஷில் இதற்கு அடிமைத் தீவு என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஒல்லாந்தர் காலத்தில் ஆப்பிரிக்க அடிமைகளை ராத்திரியில் ஏரிக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து அடைத்தார்கள். தப்பிக்காமல் இருக்க ஏரியில் முதலைகள் என்று சொல்லப்படுவதுண்டு. 2022-இல்தான் இங்கிலீஷிலும் கொம்பன்ன வீதிய என்றே எழுத வேண்டும் என்று அரசு முடிவு செய்தது. பெயரிலிருந்து அடிமையை எடுத்துவிட்டார்கள், கம்பெனி மட்டும் அப்படியே இருக்கிறது!

அடிமைகளுக்குப் பிறகு மலாய் சிப்பாய்கள் வந்தார்கள். மலே வீதி, ரைஃபிள் வீதி, ஜாவா லேன் என்ற பெயர்களில் அவர்கள் இருக்கிறார்கள். முஸ்லிம்கள், தமிழர்கள், சிங்களவர்கள், பறங்கியர் எல்லாரும் அடுத்தடுத்த வாசலில் வாழ்ந்த இடம். பள்ளிவாசலும் முருகன் கோயிலும் நடந்துபோகிற தூரத்தில் இருக்கும். துறைமுகத்துக்கும் மாநகராட்சிக்கும் கடைத்தெருவுக்கும் ஓட்டல்களுக்கும் உழைப்பு இங்கிருந்துதான் போனது.

2010 மே 8-ஆம் தேதி, மியூஸ் வீதியில் இராணுவமும் போலீசும் நிற்க, வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கிருந்த குடும்பங்களில் பலர் கையில் உறுதிப் பத்திரம் இருந்தது. ஆக்கிரமிப்பாளர், புறம்போக்கு என்ற வழக்கமான காரணம்கூட அங்கே செல்லாது. பத்திரம் வைத்திருந்தவனுடைய வீட்டை இடிப்பதும், பத்திரமே எழுதாத வானத்தை வரைபடத்தில் விற்பதும் ஒரே அரசின் ஒரே கால வேலைகள். அப்புறம் ஜாவா லேன் பகுதியில் டாடா ஹவுசிங்கோடு ஒப்பந்தம் போட்டு நூற்றுக்கணக்கான குடும்பங்களைக் கிளப்பினார்கள். பேரை ஏரிக்கரையில், எலிஃபண்ட் ஹவுஸ் சோடா வந்த பழைய ஆலை மனையில், ஜான் கீல்ஸ் கம்பெனி 100 கோடி டாலருக்கு மேல் போட்டு 800 அறை ஓட்டலும் வீட்டுக் கோபுரங்களும் எழுப்பியது. அதன் ஓட்டல் 2024 அக்டோபரிலும் சூதாட்ட விடுதி 2025 ஆகஸ்டிலும் திறந்தன. ஆலைக்கு வேலைக்குப் போன தெரு, சூதாட்ட விடுதிக்கு வேலைக்குப் போகும் தெருவாகிறது. இந்தமாதிரித் திட்டங்களுக்கு 2008-ஆம் ஆண்டின் மூலோபாய அபிவிருத்தித் திட்டச் சட்டம் வருஷக்கணக்கில் வரிவிலக்குக் கொடுக்க வழி செய்தது.

கிளப்பப்பட்டவர்கள் எங்கே போனார்கள்? அவர்களுக்கும் அடுக்குமாடிதான். வனாத்தமுல்லை, தெமட்டகொடை, மட்டக்குளி என்று நகரத்தின் வடக்கே பன்னிரண்டு மாடி, பதின்மூன்று மாடிக் கட்டிடங்கள். சுமார் 1,500 குடியிருப்புகளில் 68,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள் நகரத்தில் 900 ஏக்கர் நிலத்தை 'அடைத்துக்கொண்டு' இருக்கின்றன, அவர்களை மேலே அடுக்கிவிட்டால் நிலம் மிச்சமாகும் என்பது நகர அபிவிருத்தி அதிகார சபையின் கணக்கு. மிச்சமாகும் நிலம் யாருக்கு என்பது அந்தக் கணக்கின் அடுத்த வரி. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 2014-லிருந்து வெளியிட்ட அறிக்கைகள் இந்தக் குடியிருப்புகளின் நிலையைப் பதிவு செய்திருக்கின்றன. 400 சதுர அடி வீடு. பறிக்கப்பட்ட வீட்டுக்குப் பதிலாகத் தரப்பட்ட இந்த வீட்டுக்குக் குடும்பங்களே பத்து லட்சம் ரூபாய் வரை தவணையில் கட்ட வேண்டும். லிஃப்ட் பழுது. வாசலில் இடியாப்பம் அவித்து விற்றவர்களுக்கு எட்டாவது மாடியில் வாசல் இல்லை.

ஏங்கெல்ஸ் 1872-இல் வீட்டுப் பிரச்சினை பற்றி எழுதியபோது, முதலாளிகள் இந்தப் பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, இடம் மாற்றி வைக்கிறார்கள் என்று காட்டினார். 150 வருஷம் கழித்துக் கொழும்பு அதில் ஒரு திருத்தம் செய்திருக்கிறது. இடம் மாற்றுவதோடு அடுக்கியும் வைக்கிறார்கள். ஒரே நகரத்தில் இரண்டு வானங்கள். ஒன்றில் ஆள் இல்லாத வீடுகள், மற்றொன்றில் வீடு கொள்ளாத ஆட்கள்.

தோழர்கள் சிலர் கேட்கலாம், சேரியை அப்படியே வைத்திருக்கச் சொல்கிறீர்களா என்று. இல்லை. பொதுக் கக்கூஸ் வரிசையையும் மழைக்கு மழை வீட்டுக்குள் வரும் சாக்கடையையும் அழகாக்கிப் பேசுவது எழுத்தாளன் செய்யும் மோசமான துரோகம். நகர சுத்தித் தொழிலாளர் குடியிருப்புகளில் சாதியும் சேர்ந்தேதான் அடைக்கப்பட்டிருந்தது. மாடி வீடும் தவறில்லை. சிங்கப்பூரில் 1960-இல் தொடங்கிய வீட்டு வாரியத்தின் அடுக்குமாடிகளில்தான் இன்று அந்நாட்டு மக்களில் பெரும்பாலோர் வாழ்கிறார்கள். (அதைக் கட்டும் தமிழ்நாட்டுத் தொழிலாளி தங்குவது வேறு கொட்டகையில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.) கேள்வி உயரத்தைப் பற்றியதல்ல. எங்கே, எந்த விலைக்கு, யாருடைய சம்மதத்தோடு என்பதுதான் கேள்வி. பழைய தெருவிலேயே, தொழிலுக்குப் பக்கத்திலேயே, உரிமைப் பத்திரத்தோடு அந்த மாடிகள் எழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

5. லாட்ஜும் லயமும்

கொழும்பில் தங்குவதன் அரசியலைப் புரிந்துகொள்ள வேறு ஒரு 'ஓட்டல்' கதையும் வேண்டும். 2007 ஜூன் 7, விடியற்காலை. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லாட்ஜுகளுக்குள் போலீஸ் நுழைந்தது. வெளிநாடு போக விசாவுக்குக் காத்திருந்தவர்கள், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள், வேலை தேடி வந்தவர்கள் என வடகிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் வந்த 376 தமிழர்கள் பஸ்ஸில் ஏற்றப்பட்டு வவுனியா பக்கம் அனுப்பப்பட்டார்கள். 'தகுந்த காரணமில்லாமல்' கொழும்பில் தங்கியிருந்ததுதான் குற்றம். மறுநாளே உச்ச நீதிமன்றம் தடை விதித்தது, பிரதமர் வருத்தம் தெரிவித்தார். வருத்தம் தெரிவித்தது பெரிய விஷயந்தான். ஆனால் பணம் கொடுத்து அறை எடுத்துத் தங்கும் ஒரு குடிமகன், சொந்த நாட்டுத் தலைநகரில் தங்குவதற்குக் காரணம் சொல்ல வேண்டியிருந்தது. பத்து வருஷம் கழித்து அதே நகரத்தில் நாலாவது மாடிக்கு மேல் வீடு வாங்குகிறவனிடம் கேட்கப்பட்ட ஒரே காரணம் பணம்.

இன்னும் பின்னால் போனால் லயம். தென்னாற்காடு, சேலம், திருச்சி, மதுரை, தஞ்சாவூர் ஜில்லாக்களிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கொண்டுபோகப்பட்ட தோட்டத் தொழிலாளிகளுக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. வேலை இருந்தால் அறை, வேலை போனால் அறையும் போச்சு. சொகுசு ஓட்டல் வீட்டை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அங்கே வீட்டோடு வேலைக்காரர்கள் வருகிறார்கள், இங்கே வேலையோடு வீடு வருகிறது. இரண்டுமே கம்பெனி நிர்வகிக்கும் குடியிருப்புகள். ஒன்று குடியிருப்பவனை விருந்தாளி ஆக்குகிறது, மற்றொன்று குடியிருப்பவனை என்றைக்கும் வந்தேறி ஆக்கிவைக்கிறது.

1948-இன் குடியுரிமைச் சட்டம் அந்த ஜனங்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1949-இல் 'இந்திய பாகிஸ்தானிய வதிவாளர்' சட்டம் வந்தது. ஏழு வருஷம், பத்து வருஷம் இடைவிடாமல் வதிந்ததற்கு அத்தாட்சி காட்டினால் குடியுரிமை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சார்பில் மனுப் போட்டார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு. மூன்று தலைமுறை உழைத்தவனால் 'வதிவு' நிரூபிக்க முடியவில்லை. 1964-இன் சிறீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதிக் கொடுத்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. நாடற்ற நிலையில் மிச்சம் இருந்தவர்களுக்குக் குடியுரிமைச் சட்டம் வந்தது 2003-இல். 'வதிவு' என்று அன்று சட்டம் அளந்த அதே இங்கிலீஷ் வார்த்தைதான் இன்று கோபுரங்களின் விளம்பரப் பலகையில் 'ரெசிடென்சஸ்' என்று மின்னுகிறது. ஒருத்தனுக்கு நிரூபிக்க வேண்டிய சுமை, இன்னொருத்தனுக்கு வாங்கிக்கொள்ளும் சரக்கு.

6. வேப்பூர் கூட்டுரோட்டிலிருந்து

கொழும்புக் கோபுரத்தைப் பற்றி வேப்பூர்க்காரனுக்கு என்ன கவலை? வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தையும், சென்னை - திருச்சி பஸ்ஸுமாக இருக்கிற ஊர். பக்கத்து விருத்தாசலத்தில் நெய்வேலிச் சுரங்கத்து வெள்ளைக் களிமண்ணைச் சுட்டு ஃபியூஸ் கட்டையும் பொம்மையும் அகலும் செய்கிறார்கள். வானளாவிய கட்டிடத்துக்கும் இதற்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?

உறவு இருக்கிறது. நாம் அறிந்த முதல் வானளாவி மவுண்ட்ரோடு எல்.ஐ.சி. கட்டிடம். 1959-இல் திறந்தபோது 177 அடி. பழைய சினிமாவில் கிராமத்தான் மெட்ராஸ் வந்து இறங்கினால் முதலில் அதைத்தான் காட்டுவார்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியாரின் தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தொடங்கியது, 1956-இல் இன்ஷூரன்ஸ் தேசியமயமானபோது பொதுச் சொத்தாயிற்று. காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகிகள் அடிபட்ட அதே வருஷம். அந்த எல்.ஐ.சி.க்கு இன்று ஐ.டி.சி. கம்பெனியில் ஏறத்தாழ 15 விழுக்காடு பங்கு. 2025 ஜனவரியில் ஓட்டல் தொழில் தனிக் கம்பெனியாகப் பிரிந்தபோது, பழைய பங்குதாரர்களுக்கு அதிலும் பங்கு வந்தது. ஆகவே வேப்பூரில் ஒரு வாத்தியாரோ கண்டக்டரோ மாசாமாசம் கட்டும் பிரீமியத்தில் ஒரு துளி அந்த ஆகாயப் பாலத்தில் இருக்கிறது. கூட்டுரோட்டுப் பெட்டிக்கடையில் உதிரியாக விற்கும் சிகரெட்டின் காசும் அதில் இருக்கிறது. 1910-இல் கல்கத்தாவில் இம்பீரியல் டொபாக்கோ என்று தொடங்கிய கம்பெனி, ஓட்டல் தொழிலில் கால் வைத்தது 1975-இல் சென்னையில். பெயர் சோழா. கடல் கடந்து முதலில் கட்டியது கொழும்பில். இராசேந்திரன் படகில் போனான், இவர்கள் பங்குச் சந்தையில் போயிருக்கிறார்கள் என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஈழத் தமிழனுக்காக மேடையில் கண்ணீர் விடுகிற நாம், அதே மண்ணில் இந்திய மூலதனம் என்ன செய்கிறது என்று கேட்பதில்லை. டாடா, லார்சன், ஐ.டி.சி. எல்லாம் நம் 'தேசத்தின் பெருமை' கணக்கில் வரவாகிவிடுகின்றன.

இங்கேயும் இதே நடப்புத்தான். மும்பையில் 1982-இன் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நூற்பாலைகள் மூடி, அந்த நிலங்களில் மால்களும் ஓட்டல்களும் கோபுரங்களும் எழுந்தன. ஃபீனிக்ஸ் மில் வளாகத்தில் இன்று நட்சத்திர ஓட்டல், ஸ்ரீநிவாஸ் மில் இருந்த மண்ணில் ஆடம்பர வீட்டுக் கோபுரம். 1918-இல் இந்தியாவின் ஆரம்பகாலத் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூர் பின்னி ஆலை நிலமும் அடுக்குமாடி மனையாகிவிட்டது. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய இடத்துக்கு இன்று வரைபடத்தில் ஒரு அடையாளமும் இல்லை.

7. கண்ணாடித் தோல்

1984-இல் ஃபிரெடரிக் ஜேம்சன், லாஸ் ஏஞ்சல்ஸ் பொனவெஞ்சர் ஓட்டலைப் பின்நவீன வெளியின் மாதிரியாக வாசித்தார். வெளியே உள்ள நகரத்தைத் தன் கண்ணாடித் தோலால் திருப்பி அனுப்பிவிட்டு, உள்ளுக்குள் தானே ஒரு முழு நகரமாக இருக்கப் பார்க்கும் கட்டிடம் என்றார். நம் சிறுபத்திரிகை வட்டாரத்திலும் இது நிறையப் பேசப்பட்டது. அடுத்த வருஷம் மைக் டேவிஸ் அவருக்கு மறுப்பு எழுதினார். கண்ணாடியில் தெரியாமல் போனவர்கள் யார், அந்தக் குன்றிலிருந்து அகற்றப்பட்ட பழைய குடியிருப்பு எது, வெளியே காவல் நிற்கும் போலீஸ் எதற்கு என்று கேட்டார். கட்டிடத்தைப் பிரதியாக வாசிப்பதில் தப்பில்லை. ஆனால் பிரதியின் ஓரத்தில் அடித்துத் திருத்தப்பட்டவர்களின் பெயர்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

அந்தக் கண்ணாடித் தோல் ஒரு தடவை விரிசல் கண்டது. 2022 ஏப்ரல் 9 முதல் காலிமுகத்திடலில் ஜனங்கள் கூடாரம் போட்டுக் குடியிருந்தார்கள். மூன்று நாள் கழித்து அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிக் கட்ட முடியாது என்று அறிவித்தது. கேஸ் இல்லை, பெட்ரோல் இல்லை, மின்சாரம் இல்லை. எதிரே ஷங்ரி-லா. விற்பதற்கென்றே பிரித்துவைத்த திடலோரத்தில், பத்திரமும் இல்லாமல் வாடகையும் இல்லாமல் ஒரு கிராமம் முளைத்தது. நூலகம், சமையற்கூடம், மருந்துக் கொட்டகை. அங்கே குடியிருக்க யாரிடமும் காரணம் கேட்கப்படவில்லை. ஜூலையில் கோத்தபாய ஓடினார். அதே மாசக் கடைசிக்குள் இராணுவம் அந்தக் கூடாரங்களைப் பிய்த்தது.

அந்தக் கிளர்ச்சியையும் புனிதமாக்க வேண்டாம். அதன் பெரும்பகுதி ஜனங்களுக்கு யுத்தத்தைப் பற்றிப் பேச வாய் வரவில்லை. பெட்ரோல் வரிசையில் நின்ற பிறகுதான் பலருக்கு அரசு என்றால் என்ன என்று புரிந்தது. வடக்கில் இருந்தவர்களுக்கு அது முப்பது வருஷம் முன்பே புரிந்திருந்தது. ஆனாலும் 2022 மே 18 அன்று, அந்தத் திடலில் முள்ளிவாய்க்கால் நினைவுகூரப்பட்டது. உப்பில்லாக் கஞ்சி காய்ச்சிச் சிரட்டையில் கொடுத்தார்கள். சிங்களவர்களும் வாங்கிக் குடித்தார்கள். 1956-இல் தமிழனை அடித்து விரட்டிய புல்வெளி அது.

ஒரு நிலத்துக்கு எத்தனை வகை உரிமை கொண்டாடப்படலாம் என்பதற்கு இந்தத் திடலைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. கல்வெட்டு, பத்திரம், குத்தகை, சட்டம், புல்டோசர் எல்லாம் அதன் மேல் ஏறி இறங்கியிருக்கின்றன. கஞ்சி கொடுத்தவர்கள் கேட்டது இவை எதிலும் வராத ஓர் உரிமை. நாங்கள் இங்கே இருந்தோம், எங்கள் செத்தவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்று சொல்கிற உரிமை. கோபுரங்கள் விற்பது இருப்பை. அந்த ஜனங்கள் கோருவதும் இருப்பைத்தான். இரண்டும் ஒரே சொல். எந்தப் பக்கத்து அர்த்தத்தை எழுதுவது என்பதுதான் எழுதுகிறவர்களுக்கும் இயக்கத்தில் இருப்பவர்களுக்கும் மிச்சமிருக்கிற வேலை.